மூணாம் பாகம்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பி. அங்க இல்லை, இந்தப் பக்கம். அந்தக் காது எனக்குக் கேக்காது. நீங்க பாட்டுக்குப் பேசுவீங்க, நான் பாட்டுக்கு மண்டையை ஆட்டிக்கிட்டு இருப்பேன். கம்பைச் சுவத்துல சாய்ச்சு வைங்க. நல்ல கம்பு. கருங்காலியா? கனமாத்தான் இருக்கு. காலுல கட்டா? வண்டியில விழுந்தீங்களா? சரி சரி. இந்த வைத்தியசாலையில பாதிப் பேரு வண்டிதான். மீதிப் பேரு வண்டின்னு சொல்றவங்க.

உள்ள ஒருத்தனுக்கு மூட்டு ஏத்துறாரு வைத்தியர். எப்படிக் கத்துறான் பாருங்க. கத்தக் கூடாது தம்பி. கத்தினா வலி கூடத்தான் செய்யும். எங்கப்பா எங்களுக்குச் சின்ன வயசுலயே பழக்கிவிட்டுட்டாரு.

எனக்கா? கை. முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பும். வைத்தியர்கிட்ட மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லியிருக்கேன். எங்க வீட்டுல மாடியே கிடையாது. உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும், நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. புத்தகத்தால அடிச்சது. சிரிக்காதீங்க. பள்ளிக்கூடத்துப் புத்தகம் இல்லை. இந்தா, இந்தப் பையைத் தூக்கிப் பாருங்க. ஒத்தைக் கையால தூக்குங்க. பாத்தீங்களா? இது ஒண்ணுதான். இதே மாதிரி எட்டு. இந்திய தேச சரித்திரம், எட்டுப் பாகம், லண்டன்ல அச்சடிச்சது. தோல் அட்டை. முதுகுல தங்க எழுத்து. குடுங்க, என் மடியிலயே இருக்கட்டும். கீழ மட்டும் வச்சிராதீங்க. கால் பட்டுரும்.

எங்கப்பா இங்க திண்டுக்கல்லுல லாரி பார்சல் ஆபீஸ்ல மேஸ்திரி. மலையில ஒரு காப்பித் தோட்டத்துத் துரை ஊருக்குப் போறப்போ பங்களாச் சாமானை எல்லாம் ஏலம் விட்டாங்க. ஆளாளுக்குக் கட்டில், கடிகாரம், பீங்கான்னு எடுத்தாங்க. அப்பா இதை எடுத்தாரு, கண்ணாடி பீரோவோட. அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான். இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னு எங்கம்மா கேட்டுச்சு. அடிச்சாரு. அப்புறம் யாரும் கேக்கலை.

பீரோவுக்கு ஒரு பூட்டு போட்டாரு. எங்க ஊருப் பூட்டு, கேக்கணுமா? சாவி அவரோட அரைஞாண் கயித்துல தொங்கும். படிக்கிறதுக்காக அந்தப் பூட்டைத் தொறந்ததே இல்லை. நாங்க தப்புப் பண்ணினா தொறப்பாரு. நானும் எங்கண்ணன் ராஜாங்கமும். அந்தப் பூட்டு நாக்கு விலகுறப்போ 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதைக் கேட்டாலே அண்ணனுக்கு டவுசர் நனைஞ்சிரும். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. ஒரு தடவை ஆயிருக்கும். இல்லைன்னா ரெண்டு தடவை.

வாசல்ல ஜல்லி கொட்டியிருக்கும். அதுல முட்டி போடணும். ரெண்டு கையையும் முன்னால நீட்டணும், உள்ளங்கை வானத்தைப் பாக்க. அது மேல புத்தகம். தப்புக்குத் தக்க பாகம். லேட்டா வந்தா எட்டாம் பாகம், அது ஒல்லி. பொய் சொன்னா ரெண்டாம் பாகம். திருட்டு, எதுத்துப் பேசுறது, இதுக்கெல்லாம் மூணாம் பாகம். மூணாம் பாகம்தான் தம்பி கனம். எதுக்கு அவ்வளவு கனம்னு தெரியலை, அந்தக் காலத்துல என்னென்ன நடந்துச்சோ. "நாட்டுச் சரித்திரம்டா இது. தாங்கு. நாட்டைத் தாங்கத் துப்பில்லாத பயலுக்குச் சோறு என்னத்துக்கு?" அப்படிம்பாரு அப்பா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் சரித்திரப் பாடம்னு ஆரம்பிச்சா எனக்கு முட்டி வலிக்கும். நெசமாத்தான் சொல்றேன்.

கீழ போட்டுட்டா? அதைச் சொல்லத்தான் வந்தேன். புத்தகம் விழுந்தா சரஸ்வதியே விழுந்த மாதிரி. பெல்ட் வந்துரும். முதுகு, தொடை, கன்னம், எங்க கெடைக்குதோ அங்க. அந்த அடியை வாங்கிக்கிட்டே குனிஞ்சு, புத்தகத்தை எடுத்து, மண்ணைத் துடைச்சு, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கணும். ஒத்திக்கிற வரைக்கும் அடி நிக்காது. ஒத்திக்கிட்டா அந்த நிமிஷமே நின்னுரும். ஓங்குன கை ஓங்குனபடி நிக்கும். அப்படி ஒரு நியாயஸ்தன் எங்கப்பா. அதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம். எங்க எந்தப் புத்தகம் விழுந்தாலும் சரி, உடம்பு தன்னால குனிஞ்சிரும். பஸ்ல ஏதோ ஒரு பிள்ளை நோட்டைக் கீழ போட்டா நான் எடுத்து ஒத்திக்கிட்டுக் குடுப்பேன். அது என்னைப் பைத்தியக்காரனைப் பாக்குற மாதிரி பாக்கும்.

அண்ணன் அப்பவே ஒரு வேலை பண்ணுவான். அப்பா பீடி பத்த வைக்க அந்தப் பக்கம் திரும்பினாருன்னா, என் கையில இருக்குறதை எடுத்துத் தன் கையில வச்சுக்குவான். அவனோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. கெட்டிக்காரத்தனத்தைப் பாத்தீங்களா? அப்பா திரும்பிப் பாத்தா பெரியவன் ரெண்டு தாங்குறான், சின்னவன் வெறுங்கையோட நிக்கிறான். யாருக்கு நல்ல பேரு? அப்புறம் அடி எனக்குத்தான். இல்லை, ரெண்டு பேருக்குமே. அவனுக்குக் கொஞ்சம் கூட விழும். ஆனா ஆரம்பிச்சு வச்சது அவன்.

இந்தக் காதும் அதே கணக்குதான். ஒரு நாள் மூணாம் பாகத்தை நான் போட்டுட்டேன். குனியிறதுக்குள்ள அப்பா அதையே எடுத்து ஒரு போடு போட்டாரு. உள்ள ரொம்ப நாளைக்கு மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. வருத்தம் கிடையாது தம்பி. அவரேதான் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊத்தினாரு. பெத்தவருக்கு இல்லாத உரிமையா?

சரி, அப்பா போயிட்டாரு. சாமானைப் பங்கு பிரிக்கிறோம். அண்ணன் வந்து பீரோ முன்னால நிக்கிறான். வயசு அறுபதை நெருங்குது, இன்னும் அதைத் தொடப் பயப்படுறான். "தர்மா, இது நமக்கு வேண்டாம்டா. கொண்டுபோயி ஆத்துல விட்டுருவோம்" அப்படிங்கிறான். ஆத்துல விடுறதாம்! அப்பா பேரு சொல்ல இருக்குறது அது ஒண்ணுதான். நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. பெரியவங்க வந்து, ஆளுக்கு நாலுன்னு பிரிச்சு விட்டாங்க. முதல் நாலு அவனுக்கு. பின் நாலும் பீரோவும் எனக்கு. மூணாம் பாகம் அவன் பக்கம் போயிருச்சு. எனக்கு அதுலதான் வயித்தெரிச்சல்.

கொஞ்ச நாள் கழிச்சு எம் மக ரேணுகா பேச்சோட பேச்சா சொல்றா, பெரியப்பா வெந்நீர் அடுப்புல ஏதோ பழைய புத்தகத்தைப் போட்டு எரிக்கிறாருன்னு. சோத்துல வச்ச கையை அப்படியே எடுத்துட்டுப் போனேன்.

அவன் வீட்டுக் கொல்லையில அடுப்பு. முன்னால முக்காலியில உக்காந்திருக்கான். "வா தர்மா. குளிக்கிறியா? வெந்நீர் நல்லாக் கொதிக்குது" அப்படின்னான். மடியில மூணாம் பாகம். அட்டையைப் பிச்சுட்டான். நாலு தாள் கிழிக்கிறான், கண்ணுல ஒத்திக்கிறான், அடுப்புல போடுறான். மறுபடி நாலு தாள், கண்ணுல ஒத்திக்கிறான், அடுப்பு. சாமி கும்பிட்டுக்கிட்டே சாமியைக் கொளுத்துறவனை நீங்க பாத்திருக்கீங்களா?

"என்ன காரியம்ணே பண்றே?"

"மூணாம் பாகம்டா. இதைத்தான் முதல்ல முடிக்கணும்னு வச்சிருந்தேன். உன் காதுக்காக."

என் காதுக்காகவாம்! என் காது இவன்கிட்ட வந்து கேட்டுச்சா? எட்டி ஒரு உதை விட்டேன், அண்டா சாஞ்சு வெந்நீர் அவன் கால்ல கொட்டிருச்சு. சட்டையைப் பிடிச்சேன். அவன் தள்ளினான். அடுப்புக்கல்லு என் வாயில இடிச்சு ரெண்டு பல்லு போச்சு, இந்தா, இங்க. ரத்தத்தைத் துப்பிட்டு மறுபடி பாய்ஞ்சேன். கழுத்தைப் பிடிச்சேன். அவனும் பிடிச்சான். என்னைவிட அவனுக்குப் பலம் எப்பவுமே கூட, அன்னைக்கு என்னைக் கொன்னிருப்பான். அந்த இழுப்புல முக்காலி பக்கத்துல அடுக்கி வச்சிருந்த முதல் பாகம் சரிஞ்சு சேத்துல விழுந்துச்சு.

அவன் கையை எடுத்துட்டான் தம்பி. என் கழுத்துல இருந்து கையை எடுத்துட்டான். சின்னப் பிள்ளை மாதிரி குனிஞ்சு, புத்தகத்தை எடுத்து, துண்டால சேத்தைத் துடைச்சு, கண்ணை மூடி ஒத்திக்கிறான். வெந்த காலோட நின்னுக்கிட்டு ஒத்திக்கிறான். என் கைக்கு வாகா ஒரு கருவேலங்கட்டை கெடந்துச்சு. தோள்ல இறக்கினேன். கழுத்தெலும்பு 'டக்'குன்னுச்சு, அப்பாவோட பூட்டு மாதிரியே. அவன் கத்தலை. எங்க வளர்ப்பு அது.

நீங்க என்ன, கண்ணை மூடியிருந்தவனையான்னு பாக்குறீங்க. கண்ணைத் தொறந்திருந்தா அடிக்க விடுவானா?

மிச்சம் இருந்த மூணையும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து துடைச்சு, வரிசையா அடுக்கிப் பாத்தா மூணாம் பாகத்து இடம் மட்டும் பல்லு போன மாதிரி இருக்கு. மனசு கேக்கலை. ஒரு சேம்பர் செங்கல்லை எடுத்து, பிரவுன் பேப்பர் போட்டு, பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போடுவோமே அது மாதிரி மடிச்சு ஒட்டி, மூணுன்னு எழுதி அந்த இடத்துல வச்சேன். கனம் கிட்டத்தட்ட அதே கனம். வெளியில இருந்து பாத்தா யாருக்குத் தெரியப் போகுது? ரேணுகாதான் கண்டுபிடிச்சா. அவளுக்கு எதையும் தோண்டிப் பாக்கணும். இன்னொண்ணையும் கண்டுபிடிச்சா. மத்த புத்தகத்துல எல்லாம் தாளு ஒண்ணோட ஒண்ணு ஓரத்துல ஒட்டியே இருக்காம். அந்தக் காலத்துல அப்படித்தான் வருமாம், வாங்கினவன் கத்தியால கீறிப் படிக்கணுமாம். "அப்பா, இதைத் தாத்தாவும் படிக்கலை, அந்தத் துரையும் படிக்கலை. ஒருத்தருமே பிரிக்கலை" அப்படின்னு சிரிக்கிறா. இதுல சிரிக்க என்ன இருக்கு? தாங்குறதுக்கு எதுக்குப் பிரிக்கணும்?

நர்சிங் படிக்கிறா. இருபது வயசு. ஒத்தைப் பிள்ளை. அவளை ஒரு நாள்கூட நான் வெயில்ல விட்டதில்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் யாரும் தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். இவ தினம் காலேஜ் முடிஞ்சு நேரா அங்கதான் போயிருக்கா. அவனுக்குக் கால்ல மருந்து வச்சு, கட்டு மாத்தி, சோறு பிசைஞ்சு ஊட்டிவிட்டுட்டு வந்திருக்கா. "பெரியப்பாவால கையைத் தூக்க முடியலைப்பா" அப்படின்னு என்கிட்டயே சொல்றா, முகத்தைப் பாத்து.

நான் எடுத்த எடுப்புல அடிக்கிற ஆளு இல்லை. ரெண்டு அறைதான் விட்டேன். உதடு கிழிஞ்சிருச்சு, அது அவ பல்லு பட்டு. அப்புறம் பீரோவைத் தொறந்தேன். 'டக்.' அடுப்படியில என் வீட்டுக்காரி வேண்டாங்க வேண்டாங்கன்னு அழுகுறா. உனக்கும் வேணுமான்னு கேட்டேன், வாயை மூடிட்டா. ரேணுகாவை முட்டி போடச் சொன்னேன். போட்டா. கையை நீட்டச் சொன்னேன். நீட்டினா. எதுத்துப் பேசினதுக்கு மூணாம் பாகம் இடது கையில. என்கிட்ட மறைச்சதுக்கு ஆறாம் பாகம் வலது கையில. ஜல்லி இல்லை, வெறும் டைல்ஸ் தரைதான். எங்க காலத்துக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லை.

நல்லா தாங்கினா தம்பி. எனக்கே பெருமையா இருந்துச்சு. உதட்டுல இருந்து ரத்தம் சொட்டுது, கண்ணுல ஒரு சொட்டு இல்லை. எங்கப்பா இருந்து பாத்திருக்கணும்னு நினைச்சேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. இருந்தவ, இடது கையைக் கவுத்தினா. தவறி விழலை. நல்லாப் புரிஞ்சுக்கங்க. கவுத்தினா. மூணாம் பாகம் விழுந்து டைல்ஸ் ரெண்டா விரிஞ்சுருச்சு.

பெல்ட்டை உருவிட்டேன். ஒண்ணு தோள்ல. இன்னொண்ணு கழுத்தைச் சுத்திருச்சு. அவ குனியலை. அடிச்சுக்கிட்டே இருக்கேன், குனியவே இல்லை. அவ குனிஞ்சு எடுத்தாத்தானே நான் நிறுத்த முடியும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? எங்கப்பா ஒரு நாளாவது முறை தவறியிருப்பாரா? எனக்கும் கை ஓயுது. பாத்தா, என் உடம்பு பாட்டுக்குக் குனியுது. நான் குனியலை தம்பி, உடம்பு குனியுது. எடுத்தேன், துடைச்சேன், கண்ணை மூடி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். விழுந்ததுல பேப்பர் கிழிஞ்சிருந்துச்சு. செங்கப்பொடி கண்ணுல போயி ஒரே எரிச்சல்.

அவ சிரிச்சா.

"அப்பா. அது செங்கல்."

அதை மட்டும் அவ சொல்லாம இருந்திருக்கலாம். பெல்ட்டைத் திருப்பி, பக்கிள் பக்கமா ஓங்கினேன். அவ வலது கையில அந்த ஆறாம் பாகம் அப்படியே இருந்துச்சு. ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சு, எந்திரிச்ச வேகத்துல ஒரே போடு. ரெண்டு எலும்பு. ரெண்டு சத்தம். அதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். புத்தகத்தைக் கீழ போட்டுட்டு, அதைத் தாண்டிப் போனா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. கால் பட்டுருமேன்னு ஒரு பதட்டம்கூட இல்லை. வாசப்படியைத் தாண்டுற மாதிரி தாண்டிப் போனா. பின்னாலேயே அவங்கம்மா. அவளும் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டினா. எனக்குக் கை ஒடிஞ்சு தொங்குது, நான் அதையா சொன்னேன்? "ரேணுகா, புத்தகம்டி! எடுத்து ஒத்திக்கிட்டுப் போடி பாவி!" இதைத்தான் கத்தினேன். வாழ்க்கையில முதல் தடவையா அடி வாங்கிட்டுக் கத்தினேன். திரும்பிப் பாக்கலை.

ரெண்டு பேரும் இப்ப அண்ணன் வீட்டுல இருக்காங்க. நான் ஓட்டல்ல சாப்பிடுறேன்.

போன தடவை வந்தப்போ ஒரு கூத்து கேளுங்க. வைத்தியர் கட்டைப் பிரிச்சுட்டு, "எங்க, கையை முன்னால நீட்டுங்க" அப்படின்னாரு. நீட்டினேன். நீட்டுனதும் முட்டி தன்னால மடங்கிப் போயிருச்சு. எல்லார் முன்னாலயும் முட்டி போட்டு நிக்கிறேன். "மயக்கமாய்யா?"ன்னு தண்ணி தெளிச்சாங்க. ஆமா மயக்கம்தான்னு சொல்லிட்டேன்.

எனக்கு அவ மன்னிப்புக் கேக்க வேண்டாம் தம்பி. கால்ல விழ வேண்டாம். வீட்டுக்கு வரணும். வர்றதுக்கு முன்னால அவ தாண்டுன புத்தகத்தை எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன். நான் பெத்த பிள்ளைகிட்ட இதுகூடக் கேக்கக் கூடாதா? அதுக்காகத்தான் இந்த ஆறாம் பாகத்தைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு அவ இங்க வருவா. அண்ணனுக்கு எண்ணெய்க் கட்டும் இதே வைத்தியர்தான்.

வந்துட்டாங்க. நீங்க உக்காந்தப்பவே வந்துட்டாங்க. திரும்பாதீங்க, மெதுவாப் பாருங்க. எதிர் பெஞ்சுல, ஒரு பக்கம் தோள் இறங்கி ஒரு ஆளு இருக்காருல்ல? அவன்தான். பக்கத்துல பச்சைச் சுடிதார் எம் மக. கழுத்துல துப்பட்டாவைச் சுத்தியிருக்கா பாருங்க, இந்த வெயில்ல. வந்ததுல இருந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பாக்கலை. அண்ணன்தான் பாத்துக்கிட்டே இருக்கான். அவனுக்கு என்ன பார்வை வேண்டிக்கெடக்கு?

என்னங்க? தர்மராசா? ஆமா, நான்தான். வைத்தியர் கூப்பிடுறாரா? இந்தா வர்றேன்னு சொல்லுங்க.

ஒத்தைக் கையால இதை வச்சுக்கிட்டு எந்திரிக்கவே... ஐயையோ. பை. பை நழுவிருச்சு. புத்தகம் விழுந்துருச்சு தம்பி. நீங்க குனியாதீங்க, காலுல கட்டு இருக்கு. எனக்கும் முடியாது, கை தொங்குது. கால்மாட்டுல கெடக்கே. ரேணுகா! ரேணுகா, புத்தகம்டி! வா, வந்து எடு!

பாக்குறா. பாத்துட்டா. ஆனா எந்திரிக்கலை.

யாரு வர்றது? அவன்தான். ராஜாங்கம். அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளாதே. தோளைப் பிடிச்சுக்கிட்டு வர்றான் பாருங்க. என் கால்மாட்டுலயே குனியிறான். எடுத்துட்டான். துடைக்கிறான். அவ எடுக்க வேண்டியது அது, இவன் எதுக்கு எடுக்குறான்? அன்னைக்கும் இப்படித்தான், என் கையில இருக்குறதை இவன் வாங்கி வாங்கி...

கண்ணை மூடிட்டான்.

தம்பி, அந்தக் கம்பை இப்படிக் குடுங்க. எதுக்கா? எந்திரிக்கத்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க, எந்திரிக்கத்தான் கேக்குறேன், குடுங்க.